எனக்கு ஒரு பங்கு, அவனுக்குப் பத்தொன்பது

மார்ச் 2

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் லிஃப்ட் மாமா எழுதிக்கொள்வது. நீ என்னைப் போனில் பிளாக் போட்டு அடைத்துப் பன்னிரண்டு நாளாகிறது. மெசேஜ் போகவில்லை, கால் போகவில்லை, உன் அம்மா போனிலிருந்து கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். தபால்காரரை அடைக்கிற பொத்தான் இன்னும் எந்தப் போனிலும் வரவில்லை. அதனால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தே தீரும். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே. எட்டாவதோடு நான் படிப்பை நிறுத்திவிட்டேன் என்று உன் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். உண்மை என்னவென்றால், இனிமேல் உனக்குச் சொல்லிக்கொடுக்க எங்களிடம் சரக்கு இல்லையப்பா என்று தலைமை ஆசிரியரே கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் இருபத்திரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த மூன்று இன்ஜினியர்கள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மண்டையைச் சொறிந்தார்கள். நான் போய்க் கதவில் காதை வைத்தேன். "ஒன்பதாவது மாடி, இடது கதவு, கீழ் ரோலர்" என்றேன். திறந்து பார்த்தால் அதேதான். அதில் ஒருவர் என் காலில் விழ வந்தார். முட்டி வலி, குனிந்து தூக்க முடியாது என்று நான்தான் தடுத்தேன். முட்டி பரவாயில்லை. பதினாலாவது மாடியிலிருந்து விழுந்தவனுக்கு முட்டி என்று ஒன்று மிச்சமிருப்பதே அதிசயம் என்று டாக்டர் சொல்கிறார். நீ அனுப்பிய காசில் முதல் ஊசி போட்டாயிற்று.

இப்போது நம் வழக்குக்கு வருகிறேன். நீ வேலை பார்க்கும் கேம் கம்பெனி உனக்குச் சம்பளத்தைப் பிட்காயினாகத் தருகிறது. அதிலிருந்து நீ எனக்குக் கொஞ்சம் அனுப்பினாய். யார் அனுப்பியது, எவ்வளவு என்று போனில் வந்த அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து, மேலே உன் பெயரை எழுதி, "என் மருமகள் அவள் மாமாவுக்கு அனுப்பியது, கண் இருப்பவர்கள் பார்க்கலாம்" என்று குடும்பக் குழுவில் போட்டேன். இதில் என்ன கொலைக்குற்றம்? குழுவில் முப்பத்தேழு பேர். முப்பத்தாறு பேருக்கும் முகம் சுருங்கியிருக்கும். சுருங்கட்டும் என்றுதான் போட்டேன், மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் படத்தைப் போட்ட கையோடு எனக்கே ஒரு அடி விழுந்தது. இங்கே செல்போன் கடைக்காரர்தான் அந்தக் காசு வந்து விழுகிற வாலட்டை என் போனில் ஏற்றிக் கொடுத்தவர். அவர் சொன்னார், "அண்ணே, பிட்காயின்ல யாரு யாருக்கு அனுப்பினாலும் அது உலகத்துக்கே தெரியற கணக்குல ஏறிடும். முகவரி தெரிஞ்சா போதும், யார் வேணும்னாலும் பாக்கலாம். அது யாரோட முகவரின்னு மட்டும்தான் தெரியாது."

எனக்கு உடனே பிடிபட்டது. லிஃப்ட்டுக்கு வெளியே நிற்கிறவனுக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் கதவுக்கு மேலே எண் ஓடுமே. நாலில் நின்றது, ஏழில் நின்றது. முப்பது வருஷம் அந்த எண்ணைப் பார்த்தே எந்த வீட்டில் சண்டை, எந்த வீட்டில் சமாதானம் என்று சொன்னவன் நான். "காட்டு" என்றேன். காட்டினார்.

அனுப்பியவர் இருக்கிற இடது பக்கத்தில் ஒரே முகவரி. அது நீ. வாங்கியவர் இருக்கிற வலது பக்கத்தில் இரண்டு முகவரி. ஒன்று நான். இன்னொன்று யார்?

அதே நொடியில், ஒரே பட்டியலில், எனக்கு ஒரு பங்கு போயிருக்கிறது. அவனுக்குப் பத்தொன்பது பங்கு போயிருக்கிறது. ஒன்றுக்குப் பத்தொன்பது! எனக்குப் பணம் பெரிதில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் ஒரே கையில் அள்ளி எனக்கு ஒரு சிட்டிகை, அவனுக்கு ஒரு படி என்று கொடுக்கிற அளவுக்கு உன் வாழ்க்கையில் யார் வந்துவிட்டான்? அந்த ஆள் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எட்டு மாடி ஏறினானா, லிஃப்ட் நின்ற நாளில்?

நான் யாரை நினைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதில், என் நீல ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, இதோ வருகிறேன் என்று போனவன். பெற்றவன் என்ற ஒரே தகுதி. அவனாக மட்டும் இருக்கக் கூடாது. யார் என்று ஒரு வரி எழுது.

உன் மாமா

மார்ச் 14

மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் பதினாலாவது மாடியிலிருந்து விழவில்லை. எங்கள் சமையலறையில் பல்பு மாற்றும்போது ஸ்டூலிலிருந்து விழுந்தீர்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியவள் நான். போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசிக்கு நான் ஏன் அனுப்புகிறேன் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். நமக்குள் எத்தனை பிணக்கு இருந்தாலும் அது மாதாமாதம் வரும்.

கொலைக்குற்றம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அந்த முகவரிக்குப் பெயர் இல்லாதவரை அது வெறும் எழுத்துக் கோவை. உலகமே பார்த்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. நீங்கள் அதன் தலையில் என் பெயரை எழுதி ஒட்டினீர்கள். அந்த நிமிஷத்திலிருந்து என் சம்பளம் என்ன, எந்தத் தேதியில் வருகிறது, கையில் எவ்வளவு இருக்கிறது, எல்லாம் முப்பத்தேழு பேருக்குத் திறந்த அலமாரி. முப்பத்தேழோடு நின்றதா? அவர்கள் யாருக்கு அனுப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்? சித்தி எனக்குப் போன் செய்து வாஷிங் மெஷின் கேட்டாள். கேட்டது பரவாயில்லை, "போன செவ்வாய்க்கிழமைதானே உனக்கு வந்தது" என்றாள். பெயர் தெரியாத ஒருவர் மெசேஜ் அனுப்பினார். என் இருப்பைக் கடைசி எண் வரை சரியாக எழுதி, கீழே, "தனியாதான் இருக்கீங்களா?" என்று கேட்டிருந்தார். மறுநாள் விடுப்பு எடுத்து, ஆளைக் கூப்பிட்டுக் கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். நான் வேலையில் நாள் முழுக்க வரைவது மேகமும் மரமும் காம்பவுண்டுச் சுவரும்தான், மாமா. பின்னணி. யாரும் நின்று பார்க்காத இடம். அப்படி இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதையெல்லாம் போனில் சொன்னபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "பொறாமைக்காரங்க, விடு" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அடைத்தேன்.

வலது பக்கத்தில் இருக்கும் ஆள் யார் என்று கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாத விஷயம் என்பதால் அல்ல. நீங்கள் என் பையைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருப்பதற்கு என்னிடம் விளக்கம் கேட்கிறீர்கள். விளக்கம் கொடுத்தால் அடுத்த மாதமும் திறப்பீர்கள்.

இரண்டாவது ஊசியைத் தவறவிடாதீர்கள். அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் பேச வேண்டாம். அவள் என் பேச்சைவிட உங்கள் பேச்சை நம்புகிறவள்.

குண்டூசி

மார்ச் 30

மருமகளுக்கு,

அன்புள்ள என்று போட வரவில்லை, விட்டுவிட்டேன்.

சொல்ல மாட்டேன் என்று நீ எழுதியதைப் பதினோரு தடவை படித்தேன். யாராவது வெளியாள் என்றால் சொல்லியிருப்பாய். தோழி என்றால் தோழி, கடன் என்றால் கடன். பெயரைச் சொல்ல வாய் வராத ஆள் ஒருவன்தான் நம் வீட்டில். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் சாட்சி வேண்டும் என்று காத்திருந்தேன். சாட்சியை நீயே அனுப்பிவைத்தாய்.

பத்தொன்பதாம் தேதி எனக்கு இந்த மாதக் காசு வந்தது. செல்போன் கடைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் ஓடினேன், சாலையில் இரண்டு பஸ் எனக்காக நின்றன. "அந்தக் கணக்கைத் திற" என்றேன். கடைக்காரர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என்ன தம்பி?"

"அண்ணே, இந்தத் தடவை அவங்க முகவரியிலேர்ந்து வரலை."

"பின்னே எங்கேர்ந்து வந்துச்சு?"

"போன மாசம் பத்தொன்பது பங்கு போச்சே, அந்த முகவரி. அதுலேர்ந்துதான் உங்களுக்கு வந்திருக்கு. மிச்சம் இன்னொரு புது முகவரிக்குப் போயிருக்கு."

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் ஸ்கிரீன் கார்டு வாங்க வந்தவன் மாதிரி ஒன்றைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்படியானால் இப்படித்தானே? நீ சம்பளத்தை மொத்தமாக அவனிடம் கொடுக்கிறாய். அவன் அதிலிருந்து எனக்கு ஒரு சிட்டிகை கிள்ளிப் போடுகிறான். மாதத்துக்கு ஒரு முகவரி மாற்றுகிறான். அது ஒன்றே போதுமே, வாழ்ந்த வீடு எதிலும் ஆறு மாதம் தங்காதவன். இருபது வருஷம் உன் ஃபீஸ், உன் கண்ணாடி, உன் சைக்கிள் என்று நான் நின்றேன். கடைசியில் என் முட்டிக்கு அவன் கையால் பிச்சை. இதற்குப் பதினாலாவது மாடியிலிருந்தே விழுந்திருக்கலாம்.

இரண்டாவது ஊசிக்கு நான் போகவில்லை. அவன் காசில் என் முட்டி மடங்க வேண்டாம். காசு வந்தபடியே கிடக்கிறது, தொடவில்லை.

உனக்கு ஒன்று நினைவுபடுத்துகிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது ஓவியப் போட்டியில் பரிசு. நான் வேலைச் சட்டையோடு, கையில் கிரீஸோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தேன். உன் டீச்சர், "அப்பாங்களா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆட்டி முடிப்பதற்குள் நீ மைக் கேட்கிற தூரத்திலிருந்து, "அப்பா இல்லை டீச்சர், மாமா" என்று கத்தினாய். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அந்த நாற்காலியை நீ அவனுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறாய் என்று.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்றாய், தெரியும். நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. "உன் பொண்ணு சம்பளத்தை அவர்கிட்ட கொடுக்கறா" என்றேன். அவள் கத்துவாள், அழுவாள், நான் தேற்றலாம் என்று நினைத்துப் போனேன். அவளோ கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, "நீ கிளம்புடா" என்றாள்.

திருப்தியா உனக்கு?

மாமா

ஏப்ரல் 10

மாமாவுக்கு,

அம்மா பன்னிரண்டு நாளாக என் போனை எடுக்கவில்லை. ஏன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

நீங்கள் தேடிய ஆள் நான்தான்.

மெதுவாகப் படியுங்கள். ஒரு கடையில் பெரிய நோட்டைக் கொடுத்துச் சின்னப் பொருள் வாங்குகிறீர்கள். கடைக்காரர் மீதி தருகிறார். நோட்டைக் கிழித்துக் கொடுக்க முடியாது, இல்லையா? பிட்காயினும் அப்படித்தான். என்னிடம் வந்து சேர்ந்த தொகை ஒரு முழு நோட்டு. அதில் ஒரு பங்கு உங்களுக்கு, மீதிப் பத்தொன்பது எனக்கே திரும்பி வருகிறது. அந்த மீதியை என் வாலட் பழைய முகவரியில் வைக்காது, ஒவ்வொரு தடவையும் எனக்கென்றே ஒரு புது முகவரி உண்டாக்கி அதில் வைக்கும். எட்டிப் பார்க்கிறவர்களுக்கு எது கொடுத்தது, எது மீதி என்று சட்டென்று தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அடுத்த மாதம் உங்களுக்கு அந்த மீதியிலிருந்து அனுப்பினேன். அதனால்தான் "அவன்" முகவரியிலிருந்து வந்தது. நீங்கள் ஒன்றரை மாதமாக என் சில்லறையைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறீர்கள்.

இது சிரிப்பாக முடிந்திருக்க வேண்டிய கதை. என் பக்கமும் தப்பு இருக்கிறது. முதல் கடிதத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வீம்பு பிடித்தேன். ஆனால் கேட்கிறவருக்கெல்லாம் கணக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா என்ற கேள்வி மட்டும் இன்னும் எனக்குத் தீரவில்லை.

நீங்கள் பயந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொல்லக் கூடாது என்று தெரிந்தே சொல்கிறேன்.

பிப்ரவரி கடைசியில் அப்பாவிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. இருபது வருஷத்தில் முதல் வார்த்தை. "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்கவில்லை. என் இருப்பில் தொடங்கியது. "இவ்வளவு வெச்சிருக்கியே, கெட்டிக்காரிதான்" என்று எழுதியிருந்தார். எண் மிகச் சரியாக இருந்தது. குழுவில் இருந்த யாரோ அவருக்கு அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் போட்ட படம், மாமா. யார் என்னிடம் வரக் கூடாது என்று இத்தனை நாள் வாசலில் நின்றீர்களோ, அவருக்கு வழி எழுதிக் கொடுத்தது நீங்கள்.

கீழே ஒரு வாலட் முகவரி வைத்து, முடிந்ததை அனுப்பு என்று கேட்டிருந்தார்.

அனுப்பினேனா இல்லையா என்பதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அம்மாவுக்கும் இந்த மெசேஜ் பற்றி நான்தான் சொல்வேன், சொல்வதானால். பழைய வாலட்டைத் தீர்த்துவிட்டேன். அதிலிருந்ததைப் புதிதுக்கு மாற்றவில்லை. மாற்றினால் பழையதைத் தெரிந்தவர்கள் பின்னாலேயே வருவார்கள். நான்கு இடங்களுக்கு அனுப்பிச் செலவழித்துவிட்டு, புதுச் சம்பளத்தைப் புது இடத்தில், ஒவ்வொரு தடவையும் வேறு முகவரியில் வாங்குகிறேன். அந்த நான்கு இடங்கள் உங்கள் கடைக்காரருக்குத் தெரியும். அதில் ஒன்று அப்பாவுடையதா என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாமலே நீங்கள் எனக்கு மாமாவாக இருக்க முடியுமா என்று நான் பார்க்க வேண்டும்.

அந்த ஓவியப் போட்டி எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் மறந்தது ஒன்று. அந்த வயதில் அப்பா என்றால் வீட்டை விட்டுப் போகிறவர் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர் உங்களை அப்படிச் சொன்னதும் எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.

அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். இன்றைக்கே. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

குண்டூசி

மே 4

அன்புள்ள குண்டூசிக்கு,

உன் கடிதத்தைக் கட்டடத்தின் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாரும் வர மாட்டார்கள். படித்து முடித்ததும் மோட்டாரை நிறுத்திவிட்டேன், சத்தம் வேண்டாம் என்று. கீழே எட்டாவது மாடியில் இரண்டு பேர் மாட்டிக்கொண்டு மணி அடித்திருக்கிறார்கள். எனக்குக் கேட்கவே இல்லை.

அன்றைக்கே அக்காவிடம் போனேன். கதவைத் திறந்தவள் வழி விடவில்லை. வாசலிலேயே சொன்னேன்.

"அக்கா, அது அவர் இல்லை. அது அவளேதான்."

"என்னடா உளர்றே?"

"நீ கடையில பெரிய நோட்டு கொடுக்கறே. மீதி வருது. அந்த மீதியைப் பழைய பர்ஸுல போடாம, ஒவ்வொரு தடவையும் புது பர்ஸ் வாங்கிப் போட்டுக்கறே. தூரத்துல நின்னு பாக்கறவன் என்ன நினைப்பான்? யாரோ புது ஆளுக்குக் கொடுக்கறேன்னுதானே?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"தூரத்துல நின்னு பாத்தவன் யாரு?"

"நான்தான்."

"சில்லறையைப் பாத்தா உனக்கு வயித்தெரிச்சல் வந்துச்சு?"

"பத்தொன்பது பங்குக்கா..."

அவள் சிரித்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று அவள் உனக்குப் போன் செய்தது அதற்குப் பிறகுதான். நான் நடுவில் குறுக்கிட்டு இரண்டு வார்த்தை பேசப் பார்த்தேன். "தள்ளிப் போடா, நீ பேசினது போதும்" என்று விட்டாள். போனை வைத்ததும் என்னைப் பார்த்து, "வேற ஏதாவது எழுதியிருக்காளா?" என்று கேட்டாள். நான், "இல்லையே" என்றேன். குண்டூசி, எனக்கு அந்த 'இல்லையே' எவ்வளவு கனமாக இருந்தது தெரியுமா? லிஃப்ட்டுக்குச் சமமாக மறுபக்கம் தொங்கும் எதிரெடைக் கட்டையை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்திய மாதிரி. அப்படி ஒரு தடவை நிறுத்தியும் இருக்கிறேன், அது வேறு கதை.

இரண்டாவது ஊசி போட்டாயிற்று. அந்தப் படத்தைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்து என்ன பயன் என்று எனக்கும் தெரியும். அது போகிற இடமெல்லாம் போய்விட்டது. குழுவில், "என் மருமகளின் கணக்கைப் பற்றி இனிமேல் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம், நானும் சொல்ல மாட்டேன்" என்று எழுதினேன். உன் சித்தி கட்டைவிரல் படம் போட்டாள். வாழ்த்தா கேலியா தெரியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். இந்த மூன்று வாரமும் நான் நல்லவனாக இருந்தேன் என்று நினைக்காதே. நான்கு நாள் செல்போன் கடைக்குப் போனேன். அந்த நான்கு முகவரியையும் திறந்து பார்த்தேன். நான்கும் நான்கு நீள எழுத்துக் கோவை. எதற்கும் முகம் இல்லை. ஒன்றில் விழுந்த தொகை நீ எனக்கு அனுப்புவதைவிடச் சின்னது. அதைப் பார்த்து மனசு குளிர்ந்தது. இன்னொன்று பெரியது. அதைப் பார்த்துச் சாப்பாடு இறங்கவில்லை. பெரியது வீட்டுக்காரருக்கு முன்பணமாக இருக்கும் என்று நானே எனக்குச் சொன்னேன். சின்னதுதான் அவனுடையது என்றேன். பிறகு, இரண்டும் அவனுடையதாக இருந்தால்? கடைக்காரர், "அண்ணே, கண்ணு கெட்டுடும், வீட்டுக்குப் போங்க" என்றார்.

இப்படி இருந்தவனுக்குப் போன வியாழக்கிழமை ஒரு போன் வந்தது. லிஃப்ட்டுக்குள் ஒட்டியிருக்கிறதே, நின்றால் அழைக்கவும் என்று, அந்த நம்பருக்கு. நான், "எந்த மாடியில நிக்குது?" என்று கேட்டேன்.

"மச்சான், நான் எந்த மாடியிலயும் நிக்கலை. கீழேதான் இருக்கேன்."

அதே குரல். இருபது வருஷத்தில் ஒரு கீறல் விழவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, அவன் குரலுக்கு ஆகவில்லை. அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி இருக்கே மச்சான்? முட்டி எல்லாம் போச்சாமே?"

"நல்லா இருக்கேன். என்ன வேணும்?"

"பொண்ணோட பழைய முகவரியில ஒண்ணுமே காணோம். காலி. புதுசுக்கு மாறிட்டா போல. அந்த முகவரி உன்கிட்ட இருக்கும்ல?"

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"உன்கிட்ட இல்லாம யார்கிட்ட இருக்கும்? வளத்தவன் நீ. நீதானே அவளுக்கு எல்லாம்."

குண்டூசி, நான் இந்த வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தேன். ஊரில் நூறு பேர் சொல்லியிருக்கிறார்கள். அவன் வாயிலிருந்து வர வேண்டும், அவன் வாயிலிருந்து மட்டும். வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆமாம், எல்லாம் எனக்குத் தெரியும், அவள் என்னைக் கேட்காமல் ஒரு பைசா அசைக்க மாட்டாள் என்று சொல்ல எனக்கு நூறு வாக்கியம் தயாராக இருந்தது. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று உனக்குத் தெரியுமே.

ஆமாம் என்றால் அவன் விட மாட்டான். நாளைக்கு வருவான், என் பக்கத்தில் உட்காருவான், என் பெருமையைக் கொஞ்சம் சொறிந்து கொடுப்பான், நான் உளறிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

"எனக்கா?" என்றேன். "என்கிட்ட அவ எதுவுமே சொல்றதில்லை."

"உன்கிட்டயேவா?"

"என்னைப் போன்ல அடைச்சே வெச்சிருக்கா. மூணு மாசமாச்சு."

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "அப்ப நீயும் என்னை மாதிரிதான்னு சொல்லு."

"ஆமா" என்றேன்.

நானும் அவனும் ஒன்று என்று என் வாயாலேயே சொன்னேன். அவனுக்குக் குஷி வந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினான்.

"பரவாயில்லை மச்சான். போன மாசம் அவ எனக்கு..."

அடுத்த வார்த்தையில் எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. நான் கேட்கக்கூட வேண்டாம், சும்மா காதை வைத்துக்கொண்டு நின்றால் போதும். எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று கேட்டே சொல்லும் காது.

"லிஃப்ட்டுல ஆளு மாட்டிக்கிட்டிருக்காங்க, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். யாரும் மாட்டவில்லை. அவன் மறுபடி அழைத்தான். எடுக்கவில்லை. கட்டடம் முழுக்க லிஃப்ட்டில் ஒட்டியிருந்த என் நம்பரை மறுநாளே உரித்துவிட்டு, கம்பெனி நம்பரை ஒட்டச் சொன்னேன்.

"போன மாசம் அவ எனக்கு..." என்றானே. அனுப்பினாள் என்று முடியுமா? அனுப்பவே இல்லை என்று முடியுமா? பதில் எழுதினாள், திட்டினாள், அழுதாள், எத்தனையோ விதமாக முடியலாம். குளிக்கும்போது ஒரு விதமாக முடிக்கிறேன், சாப்பிடும்போது வேறு விதமாக. நீ எனக்குச் சொல்ல வேண்டாம். நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே.

எனக்கு வயிறு எரிகிறதா என்றால் எரிகிறது. தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுகிற அளவுக்கு எரிகிறது. இதை மட்டும் நீ யாரிடமும் காட்டிக்கொடுத்துவிடாதே.

உன் மாமா